வெளி மாநிலத்துக்காரங்களுக்கு வீடு விடக்கூடாதுன்னு ஊர்க்கூட்டத்துல பேச்சு. நம்ம கடக்கரை ஆளுக என்ன நினைக்கிறீங்க?

வாடைக்காத்து
வணக்கம் மக்களே. தங்கச்சிமடத்துக்கும் பாம்பனுக்கும் நடுவுல உள்ள ஊரு எங்களுது, பேரு வேணாம். எங்க தெருவுல ஒரு அக்கா, புருஷன் இல்ல, ரெண்டு புள்ளைக, மாடிய ஒடிசா பசங்களுக்கு வாடகைக்கு விட்டுருக்காங்க. பயலுக புதுசா எந்திரிக்கிற ஒரு லாட்ஜ்ல டைல்ஸ் ஒட்டுறாய்ங்க. காலையில இருட்டோட போனா ராத்திரிதான் வருவாய்ங்க, வந்து மொட்டை மாடியில அடுப்பப் பத்தவச்சா கடுகெண்ணெய் வாசம் தெருமுனை வரைக்கும் போகும், அப்புறம் ஸ்பீக்கர்ல போன் போட்டு வீட்டுக்குப் பேசுறது, அதான் அவெய்ங்க பண்ற அட்டகாசம். குட்கா துப்புறாய்ங்கன்னு ஒரு கம்ப்ளைண்ட் உண்டு, அது உண்மைதான், மாடிப்படி சுவரப் பாத்தாலே தெரியும்.

போன கூட்டத்துல ஒரு பெருசு எந்திரிச்சு, இனிமே வடக்க இருந்து வர்றவனுக்கு யாரும் வீடு விடக்கூடாது, விட்டா தண்டம்னு ஆரம்பிச்சு வச்சிட்டாரு. பாதிப்பேரு ஆமான்னாங்க, மீதிப்பேரு வாயத் திறக்கல. அந்தக்காவுக்கு அந்த வாடகை நின்னா சோத்துக்கே கஷ்டம். அதே கூட்டத்துல உக்காந்திருந்த ரெண்டு பேரு வெளி மாநிலத்து டிரஸ்ட் ஒண்ணுக்கு ரோட்டோர நிலத்தக் கிரயம் பண்ணிக் கொடுத்தவங்க, அவங்களும் ஆமான்னு கை தூக்குனாங்க பாருங்க, அதுதான் எனக்குப் பொறுக்கல. உங்க ஊர்லயெல்லாம் இது மாதிரி பேச்சு வந்துச்சா, என்ன பண்ணீங்க, சொல்லுங்க.

ராம்நாட் ராக்கெட்
பெருசு சொன்னது நூத்துக்கு நூறு கரெக்ட். இன்னைக்கு மாடி, நாளைக்கு தெரு, நாளன்னைக்கு வார்டு மெம்பர். 2022 மே மாசம் ராமேஸ்வரம் பக்கம் வடகாட்டுல கடல்பாசி எடுக்கப் போன அக்காவ நாசம் பண்ணிக் கொன்னத அதுக்குள்ள மறந்துட்டீங்களா? இறால் பண்ணை ஒடிசாக்காரன்களத்தான போலீஸ் புடிச்சது. அதுக்கப்புறமும் மாடி வாடகைக்கு விடுறோம் மயிலிறகால விசிறி விடுறோம்னு எழுதிக்கிட்டு இருக்கீங்க.

லாட்ஜ் கணக்குப்பிள்ளை
ராமேஸ்வரத்துல லாட்ஜ்ல கணக்கு பாக்குறேன், அந்த அனுபவத்துல சொல்றேன். அக்னி தீர்த்தத்துல இறங்கி இருபத்திரண்டு தீர்த்தமும் குளிச்சுட்டு வர்ற கூட்டத்துல முக்காவாசி வடக்க இருந்து வர்றவங்கதான். காசியில இருந்து கங்கைத் தண்ணி கொண்டாந்து ராமநாதசாமிக்கு அபிஷேகம் பண்றது, இங்கேருந்து சேதுக்கரை மண்ண எடுத்துக்கிட்டுப் போறது, இதெல்லாம் ரயில் வர்றதுக்கு முந்தியே உள்ள வழக்கம். கோயில் கருவறையில பூஜை பண்ற குருக்கள்மாரே மராட்டியத்துல இருந்து வந்த பரம்பரை. நம்ம ஆட்டோக்கார அண்ணன்மாரு பேசுற ஹிந்தி டெல்லிக்காரன் தோத்துருவான். அந்தக் காச வாங்கி மூணு மாடி ஏத்திட்டு இப்ப வடக்கன் வரக்கூடாதுன்னா என்ன நியாயம்?

அடுத்து வேலைக்கு. நான் பேப்பர்ல விளம்பரம் கொடுத்துப் பாத்தேன். ரூம் கிளீனிங்குக்கு உள்ளூர்ப் பையன் ஒருத்தன் வந்தான், ஒரு வாரத்துல சிங்கப்பூர் விசா வந்துருச்சுன்னு போயிட்டான். ஜார்க்கண்ட் பையன்க இங்கயே தங்குறாங்க, லீவு கேக்குறதில்ல, சீசன்ல ராத்திரி ஒரு மணிக்கு பஸ் வந்தாலும் எந்திரிச்சு கதவத் திறக்குறாங்க.

கலவைச்சட்டி
கணக்குப்பிள்ளை அண்ணே, லீவு கேக்குறதில்லன்னு பெருமையா சொல்றீங்களே, லீவு கொடுத்தா கேக்க மாட்டாங்களா?

எங்கம்மா சித்தாள் வேலை. நடுவுல கொஞ்ச காலம் பாசி எடுக்கவும் போனாங்க. காலையில ஏழு மணிக்கு பாம்பன் பஸ் ஸ்டாப்புக்கு வந்து பாருங்க, தூக்குச்சட்டியும் மம்பட்டியுமா வரிசையா பொம்பளைங்க நிப்பாங்க, முன்னாடி எல்லாம் மேஸ்திரி வேன்ல வந்து தலைய எண்ணி ஏத்திக்கிட்டுப் போவாரு, இப்ப ஒன்பதாகும் பத்தாகும், பாதிப்பேரு சோத்த அங்கயே உக்காந்து தின்னுட்டு வீட்டுக்குத் திரும்புறாங்க. ஏன்னா காண்ட்ராக்டர் மொத்தமா ஆள இறக்கி சைட்லயே தகரக் கொட்டகை போட்டு வச்சிருக்கான். ஊர்ப் பொம்பளைன்னா அஞ்சு மணிக்கு வீட்டுக்குப் போகணும், புள்ளைக்குக் காய்ச்சல்னா வர முடியாது, கூலி பாக்கின்னா சண்டை போடுவா. அந்தப் பயலுகளுக்கு இது எதுவுமே இல்ல. போக்குவரத்துக்கு முன்பணம் கொடுத்திருப்பான், அது கழியுற வரைக்கும் அசைய முடியாது.

அதனால எனக்கு அவெய்ங்க மேல கோவமில்லன்னு சொன்னா பொய்யி, இருக்கு, வயிறு எரியுது. ஆனா அம்மா சொல்லும், ஏண்டி அவன் நம்ம வேலையப் புடுங்கலடி, மேஸ்திரி நம்ம கையில இருந்து எடுத்து அவன்கிட்ட பாதி வெலைக்கு வித்துட்டான்னு. மேஸ்திரி யாரு? எங்க சொந்தத்துல ஒரு மாமாதான்!

ராக்கெட் அண்ணே, வடகாட்டு விஷயத்த நீங்க எடுத்ததால சொல்றேன். விரல்ல துணியச் சுத்திக்கிட்டு கண்ணாடி மாட்டிக்கிட்டு இடுப்பளவு தண்ணியில இறங்குறது எங்க வீட்டுப் பொம்பளைங்க, எங்களுக்கு வராத கோவமா உங்களுக்கு வரப்போகுது. அன்னைக்கு சனம் பண்ணை மேலயும்தான் பாஞ்சுச்சு, ஏன்னா ஊருக்கு ஒதுக்குப்புறமா யாரு எவருன்னு ஒரு கணக்கும் இல்லாம ஆள வச்சு வேலை வாங்குனது பண்ணை. தப்புப் பண்ணவனத் தூக்குல போடுங்க, நானே வந்து கை தட்டுறேன். அதுக்காக டைல்ஸ் ஒட்டுறவன எதுக்கு நடுத்தெருவுல நிறுத்துறது?

கீழக்கரை சபராளி
அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். நான் ஷார்ஜாவுல இருந்து எழுதுறேன். எங்க ஊர்ல வீட்டுக்கு ஒரு சபராளி, அதான் வெளிநாட்டுக்குப் போனவன், இல்லாத தெருவே கிடையாது, எங்க வாப்பா சவுதி, அப்பா, அதான் தாத்தா, கொழும்புல கடை, அவருக்கு முந்தி ஒருத்தர் பர்மா போயி திரும்பி நடந்தே வந்தாராம். இங்க நான் இருக்கிறது பேச்சிலர் ரூம்தான், எட்டுப் பேரு, கட்டில் மேல கட்டில். கீழ் மாடியில இருக்கிற அரபி குடும்பம் எங்க கருவாட்டு வாசத்துக்கு முனிசிபாலிட்டில எழுதிப்போட்டு ஒரு தடவ ஆள் வந்தாங்க. கடுகெண்ணெய் வாசம்னு வாடைக்காத்து எழுதுனதப் படிச்சதும் சிரிப்பு வந்துருச்சு காக்கா.

ஊர்ல வீடு கட்ட நான் இங்க சம்பாதிக்கிறேன், அந்த வீட்டக் கட்டுறது பீகார் பையன். உம்மா வீடியோ கால்ல காட்டுறாங்க, அந்தப் பையன் சாரத்துல நின்னுக்கிட்டு எனக்கு சலாம் சொல்றான். அவன் புள்ளையப் பாத்து ஒரு வருஷம் ஆச்சாம், எனக்கும் அப்படித்தான்.

முண்டு மிளகாய்
வந்துட்டாருய்யா கல்ஃப் அண்ணன், எனக்குத் தெரியும் இந்தக் கதை வரும்னு. தப்பா எடுத்துக்காதீங்க, ஆனா கணக்கு இடிக்குது. நீங்க ஷார்ஜாவுல ஓட்டுப் போடுறீங்களா? அங்க உங்க பேர்ல இஷ்டத்துக்கு நாலு பிளாட் வாங்க முடியுமா? வேலை போச்சுன்னா விசா கேன்சல், பெட்டியக் கட்டு. அதனால அரபிக்குப் பயம் கிடையாது, வாசத்துக்கு மட்டும்தான் கம்ப்ளைண்ட். இங்க அப்படி இல்ல. இந்தியாவுல எவனும் எங்க வேணா போயி இருக்கலாம், அரசியல் சட்டம் 19ஆவது பிரிவு, நம்ம மாநிலத்துல நிலமும் வாங்கலாம் விக்கலாம். 2025 நவம்பர்ல இந்த எஸ்.ஐ.ஆர் வாக்காளர் பட்டியல் வேலை ஆரம்பிச்சப்ப சாயல்குடி டீக்கடையில கூட இதே பேச்சுத்தான், வடக்க இருந்து வந்தவன் பேரெல்லாம் இங்க ஏறிருமாம்னு.

நான் பயமுறுத்தல. ஆனா சனத்துக்கு இருக்கிற பயத்த கருவாட்டு வாசத்தோட சேத்து சிரிச்சுத் தள்ளிட முடியாதுங்கிறேன்.

கீழக்கரை சபராளி
//நீங்க ஷார்ஜாவுல ஓட்டுப் போடுறீங்களா//
நியாயமான கேள்வி மிளகாய் அண்ணே. அதுக்கும் ஒரு பதில் இருக்கு. வழக்கமா எங்க குடியிருக்கியோ அங்கதான் ஓட்டுன்னு சட்டம், அத வச்சுத்தான் எங்க ஊர்ல பாதி ஆம்பளைங்க பேரு லிஸ்ட்ல இருந்து போச்சு. 2010ல சட்டத்தத் திருத்தி வெளிநாட்டுல இருக்கிறவங்களும் சேரலாம்னாங்க, ஆனா ஓட்டுப் போட நேர்ல வரணும், எவன் டிக்கெட் போடுறது. இங்கயும் இல்ல அங்கயும் இல்ல. அந்த பீகார் பையனும் அப்படித்தான், ஊர்ல எலெக்ஷன் அன்னைக்கு இங்க சாரத்துல நிப்பான். அவன் பேர இங்க ஏத்தி ஓட்டுப் போட்டு நம்ம எம்.எல்.ஏவ மாத்தப் போறான்னு பேசுறவங்க, அவனுக்கு ஒரு கேஸ் கனெக்‌ஷன் வாங்குறதுக்கே என்ன பாடு படுறான்னு பாத்ததில்ல.

ராம்நாட் ராக்கெட்
ரொம்ப உருகாதீங்க பாய். கேஸ் கனெக்‌ஷன் இல்லன்னா ஊருக்குப் போவ வேண்டியதுதான.

மட்டுறுத்துநர்
ராக்கெட், ரெண்டாவது தடவை சொல்றேன், ஆளப் பாத்து பேசாதீங்க, விஷயத்தப் பேசுங்க. வேற ஒருத்தரோட பதிவ எடுத்துட்டேன், காரணம் அவருக்கே தெரியும்.

முகாம்காரன்
வணக்கம். நான் மண்டபம் இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து எழுதுறேன். 90இல அம்மா என்னை வயித்தில வச்சுக்கொண்டு தலைமன்னார்ப் பக்கமிருந்து வள்ளத்தில வந்தவ, நான் பிறந்தது இங்கதான், படிச்சது உச்சிப்புளியில. வெளி மாநிலத்தவன், வெளியூரான் எண்டு நீங்கள் கதைக்கிறதைக் கொஞ்ச நாளா வாசிச்சுக்கொண்டிருக்கிறன்.

எங்களுக்குப் பாஷை ஒண்டு, சாமி ஒண்டு, சாப்பாடும் ஏறக்குறைய ஒண்டு. முகாமுக்குப் பேரைக்கூட 2021இல மாத்தினவை, இப்ப மறுவாழ்வு முகாம். ஆனா ஆள் கணக்கெடுப்பு நாளில நான் எங்க வேலையில நிண்டாலும் ஓடி வந்து நிக்கவேணும். பாஸ்போட் இல்லை, பட்டா இல்லை, ஓட்டு இல்லை. பெயின்ற் வேலைக்குப் போற இடத்தில என்னோட நிக்கிற ஒடிசாப் பொடியன் இண்டைக்கு நினைச்சா நாளைக்கு ராம்நாட்டில ஒரு துண்டு காணி எழுதலாம், அவன் இந்தியன். நான் இங்க பிறந்தவன், என்னால ஏலாது. அவனில எனக்குப் பொறாமை இல்லை எண்டு சொல்ல மாட்டன்.

இன்னொரு விஷயம். சொந்தத் தமிழனுக்கு வீடு கொடுக்கேக்கையும் முகாம்காரனா எண்டு கேட்டுத்தான் கொடுக்கிறவை. தங்கச்சியின்ர கலியாணத்துக்குப் பிறகு முகாமுக்கு வெளியில வீடு தேடினம், மூண்டு இடத்தில அட்வான்ஸ் பேசி முடிஞ்சாப் பிறகு இல்லையெண்டவை. ஆகவே பிரச்சினை ஹிந்தி எண்டு நீங்கள் நினைச்சால், எங்களைக் கேளுங்கோ.

கலவைச்சட்டி
அண்ணே இதுக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. மூணாவது இடம் எங்க ஊரா இருக்கக்கூடாதுன்னு நெனச்சுக்கிட்டே படிச்சேன்.

முண்டு மிளகாய்
முகாம் தம்பி சொன்னதுல ஒண்ணு இருக்கு, நான் ஒத்துக்கிறேன், அந்த முகாமே ஒரு காலத்துல இங்கேருந்து சிலோன் எஸ்டேட்டுக்குப் போற நம்ம சனத்த அடைச்சு வச்சு நோய் நொடி பாத்து அனுப்புன இடம். தனுஷ்கோடி வரைக்கும் ரயிலு, அங்கேருந்து கப்பலு. 1964 டிசம்பர் புயல்ல தனுஷ்கோடி போச்சு, அதே வருஷம் சாஸ்திரி சிரிமாவோ ஒப்பந்தம், போனவங்க பேரனுகள திரும்ப அனுப்பி அதே மண்டபத்துல இறக்குனாங்க. இந்த ஊருக்கு வர்றதும் போறதும் புதுசு இல்ல.

ஆனா நான் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரல. நிலம்! வேலைக்கு வர்றவன விடுங்க, அவன் டைல்ஸ் ஒட்டி முடிச்சா கிளம்பிருவான். நிலம் வாங்கி வேலி போட்டவன் கிளம்ப மாட்டான். ஊர்க்கூட்டத்துல அவனப் பத்தி ஒரு பேச்சும் இல்லையே, ஏன்?

மல்லிகை நாத்து
நான் சொல்றேன் ஏன்னு. வித்தது நாமதான, அதான் பேச்சில்ல.

தங்கச்சிமடம் பக்கம் மல்லிகை நாத்து போடுற குடும்பம் எங்களுது. தெரியாதவங்களுக்கு, இந்தத் தீவு மண்ணு மணல்பாங்கு, கீழ நல்ல தண்ணி, பதியங்குச்சிய நட்டா புடிச்சுக்கிரும், சத்தியமங்கலமா ஆந்திராவா எங்க தோட்டம் போட்டாலும் நாத்து வாங்க இங்கதான் வருவாங்க. கட்டு கட்டா ஈரச் சாக்குல சுத்தி அனுப்புவோம். எங்க பெரியப்பா மகன் தோட்டத்த வித்தான், கடன், பொண்ணு கல்யாணம், படகு வேற இலங்கைக்காரன் புடிச்சு வச்சுக்கிட்டான், படகுக்கு வாங்குன வட்டி மட்டும் நிக்கல. உள்ளூர்ல அவ்வளவு வெலைக்கு வாங்க ஆள் இல்ல. புரோக்கர் ஒரு வெளி மாநிலப் பார்ட்டியக் கூட்டியாந்தாரு, கார விட்டு இறங்காமலே பாத்துட்டு அட்வான்ஸ் கொடுத்துட்டாங்க. புரோக்கரும் நம்ம ஊர்தான், சார் பதிவாளர் ஆபீஸ்ல சாட்சிக் கையெழுத்துப் போட்டவங்களும் நம்ம ஊர்தான். இப்ப அங்க சுத்துச் சுவரு, உள்ள ஆழமா போர் போட்டு இறைக்கிறாங்க, எங்க கேணித் தண்ணி உப்புக் கரிக்குது, நாத்து இலை ஓரம் காயுது. 2025 ஏப்ரல்ல பாம்பன் புது ரயில் பாலம் திறந்ததுல இருந்து புரோக்கர் போன் ஓயுறதே இல்ல.

பெரியப்பா மகன நான் திட்டல, அந்த நெலமையில நானும் வித்திருப்பேன்னுதான் தோணுது. ஆனா டைல்ஸ் ஒட்டுற பையன வெரட்டிட்டா என் கேணியில உப்பு குறையுமா?

ராம்நாட் ராக்கெட்
இது ஒண்ணு சரியாச் சொன்னீங்க. வாங்க வந்தவனுக்கு மரியாத, வேலைக்கு வந்தவனுக்கு மிதி. நானும் ஒத்துக்கிறேன். ஆனாலும் குட்கா துப்புறது துப்புறதுதான், அத யாரும் நியாயப்படுத்த வேணாம்.

வாடைக்காத்து
யாரும் நியாயப்படுத்தலப்பா. குட்காவ 2013லயே தடை பண்ணியாச்சு, ஆனா நம்ம பெட்டிக்கடையில யாரு விக்கிறா, ஒடிசாவுல இருந்தா வந்து விக்கிறான்? சரி விடுங்க. டீச்சரக்கா இருக்கீங்களா, உங்க ஸ்கூல்ல வெளி மாநிலப் புள்ளைக வந்திருக்குன்னு ஒரு தடவ சொன்னீங்களே.

டீச்சரக்கா
இருக்கேன் தம்பி, பேப்பர் திருத்திக்கிட்டு இருந்தேன்.

எங்க பள்ளிக்கூடம் கடக்கரை ரோட்டு மேல, அரசுப் பள்ளி. செங்கச்சூளை, இறால் பண்ணை, லாட்ஜ் வேலைன்னு வர்றவங்கள்ல குடும்பத்தோட வர்றவங்க கொஞ்சம்தான், வந்தா புள்ளைகள இங்க சேப்பாங்க. மெயின் பிரச்சினை டி.சி. அங்க பாதியில விட்டுட்டு வந்திருப்பாங்க, கையில ஒரு காகிதமும் இருக்காது. காகிதம் இல்லன்னாலும் வயசப் பாத்து வகுப்புல சேக்கணும்னு கல்வி உரிமைச் சட்டம் 2009லயே சொல்லுது, நாங்களும் சேத்துக்கிறோம். சின்ன வகுப்புல வர்றதுக தமிழ சீக்கிரம் புடிச்சுக்கிருதுக, காலையில கிச்சடி தட்டுல விழுந்ததும் ‘டீச்சர், இன்னும் சாம்பார்’னு கேக்குற அளவுக்கு. எட்டாவது, ஒன்பதாவதுல வர்றதுகதான் பாவம். 2006 சட்டப்படி பத்தாவது வரைக்கும் தமிழ் கட்டாயம், நல்ல விஷயந்தான், ஆனா ‘அ’ எழுதத் தெரியாத பொண்ணு ரெண்டே வருஷத்துல செய்யுள் மனப்பாடப் பகுதி எழுதணும்னா எப்படி? கணக்குல தொண்ணூறு எடுக்கிற புள்ள தமிழ்ல தோத்து நிக்கும்.

ஊர்க்காரங்க பத்திக் கேட்டீங்கன்னா, முதல்ல பெத்தவங்க வந்து அந்தப் புள்ளைகளத் தனியா உக்கார வைங்கன்னு சொன்னாங்க, தலையில பேனு அது இதுன்னு. முடியாதுன்னு சொல்லிட்டேன். அப்புறம் அடுத்த வருஷம் மாணவர் எண்ணிக்கை குறைஞ்சா ஒரு வாத்தியார் போஸ்ட் போயிரும்னு தெரிஞ்சதும் அதே பெத்தவங்க செங்கச்சூளைக்கு என் கூட வந்து புள்ளை புடிச்சுக் கொடுத்தாங்க! சனம் அப்படித்தான், கெட்டவங்கன்னும் இல்ல நல்லவங்கன்னும் இல்ல.

லாட்ஜ் கணக்குப்பிள்ளை
ஹா ஹா, டீச்சர் சொன்னதுதான் கரெக்ட்.

கலவைச்சட்டி தங்கச்சி, நீ கேட்டதுக்கு பதில் சொல்லல நான். லீவு மாசத்துக்கு ரெண்டு கொடுக்குறோம். கம்மிதான். முதலாளிகிட்ட கேட்டா சீசன் முடியட்டும்பாரு, இங்க சீசன் எப்ப முடியுது.

கலவைச்சட்டி
முதலாளி எந்த மாநிலம் அண்ணே?

லாட்ஜ் கணக்குப்பிள்ளை
நம்ம ஊருதாம்மா.

சேட்டன் பேக்கரி
தொண்டியில பேக்கரி, பிறந்தது மலப்புறம், வந்து செட்டில் ஆயாச்சு, என் மகளுக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது, திருக்குறள் ஒப்பிப்பா. இந்த இழையில யாரும் மலையாளிய சொல்லல, ஆனா நானும் வெளி மாநிலம்தானே. முதல் வருஷம் கடை வாடகைக்குக் கேட்டப்ப எனக்கும் கிடைக்கல. ஒரு ராவுத்தர் நம்பிக் கொடுத்தாரு, ஆறு மாச அட்வான்ஸ்னு எல்லாரும் கேட்ட காலத்துல ரெண்டு மாசம் போதும்னாரு. நோம்புக்கு கஞ்சி என் கடையில இருந்துதான் இப்ப போகுது. ஒரு விஷயம், எனக்குத் தமிழ் சீக்கிரம் வந்தது, கடையில நின்னா வரும். கொட்டகையில நாற்பது பேரோட இருக்கிறவனுக்கு எங்க வரும்? அவன் கூட யார் பேசுறா?

முண்டு மிளகாய்
சேட்டா, உங்க பேக்கரி பப்ஸுக்காகவே தொண்டி வழியா பஸ் ஏறுற ஆளு நானு. நீங்க வெளி மாநிலம்னு இன்னைக்குத்தான் தெரியும், போங்க.

வாடைக்காத்து, நீங்க கேட்டதுக்கு உருப்படியா ஒண்ணு. அந்தக்காவ கூட்டத்துல வச்சு மிரட்டுனா சும்மா இருக்காதீங்க. ஊர் தண்டம் போட எந்தச் சட்டத்துலயும் இடம் கிடையாது. பசங்க ஆதார் ஜெராக்ஸ், போட்டோ, வேலைக்கு வச்ச காண்ட்ராக்டர் போன் நம்பர் எல்லாத்தையும் வாங்கி போலீஸ் ஸ்டேஷன்ல கொடுத்து ரசீது மாதிரி ஒரு நகல் வச்சுக்கச் சொல்லுங்க. அப்புறம் 1979ல வந்த வெளிமாநிலத் தொழிலாளர் சட்டத்துலயே இருந்துச்சு, ஆளக் கூட்டியாந்த காண்ட்ராக்டர்தான் தங்குற இடம், வைத்தியம், ஊருக்குப் போக வர காசு எல்லாத்துக்கும் பொறுப்புன்னு, 2025 நவம்பர்ல அந்தச் சட்டத்துக்குப் பதிலா புதுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்துருச்சு. மாடிப்படி சுவரத் துப்பி வச்சதுக்கு வெள்ளையடிக்கிற காசும் அவன்கிட்டயே கேளுங்க, கேட்டா கொடுக்க மாட்டான், ஆனா கேக்கணும். எவன் ஆளக் கொண்டாந்தானோ அவன் பேரு ஊர்க்கூட்டத்துல வரணும், அதுவரைக்கும் இந்தக் கூட்டமெல்லாம் வேஸ்ட்.

ராம்நாட் ராக்கெட்
இதுவும் ஓகே. ஆதார் வாங்குறதுல எனக்கு உடன்பாடு. ஆனா போலி ஆதார் வச்சிருந்தா?

கீழக்கரை சபராளி
அதப் பாக்கத்தான் தம்பி போலீஸ் ஸ்டேஷன்ல கொடுக்கிறது. நாம வீட்டு வாசல்ல நின்னு பாக்க முடியாது. 2023 மார்ச்ல ஞாபகம் இருக்கா, தமிழ்நாட்டுல வடக்கன அடிச்சுக் கொல்றாங்கன்னு எங்கயோ எடுத்த வீடியோவ எல்லாம் சுத்த விட்டாய்ங்க, திருப்பூர்ல கூட்டம் கூட்டமா ரயில் ஏறுனாங்க, பீகார்ல இருந்து அதிகாரிங்க வந்து பாத்து பொய்னு சொல்லிட்டுப் போனாங்க. எங்க வீட்டு வேலை அப்ப பாதியில நின்னுச்சு. காங்கிரீட் போட்ட மறுநாளு ஆளக் காணோம், தண்ணி ஊத்தக்கூட ஆள் இல்லாம உம்மாவும் லாத்தாவும் குடத்துல தூக்கி ஊத்துனாங்க.

கரைவலை
எல்லாரும் பேசிட்டீங்க, கடக்கரைய யாரும் பேசல. நாங்க தெக்குக் கடல், கரைவலை போடுறவங்க. வலைய இழுக்க ரெண்டு பக்கமும் கயிறப் புடிச்சு ஆளுக பின்னாடியே நடந்து வரணும், அதுக்கு மணல்ல நீளமா எடம் வேணும், மடி கரையேறுனா மீனப் பிரிக்க, வலைய உலத்த எடம் வேணும். எங்க தாத்தா காலத்துல இருந்து அந்த எடத்துக்கு பாடுன்னு முறை இருக்கு, இன்னைக்கு உன் பாடு நாளைக்கு என் பாடுன்னு. பட்டா கிடையாது, யாரும் கேட்டதும் இல்ல.

இப்ப அங்கன ஒரு ரிசார்ட் வரப்போகுதாம், ஆளு மும்பையாம். கல்லுக்கால் ஊண்டி கம்பி வேலி கடல்ல இருந்து பாத்தா ஓலைக்குடிச வரைக்கும் வந்துருச்சு. வண்டிப்பாதையையும் சேத்து அடச்சுட்டாங்க, மீன ஏத்துற டெம்போ சுத்திக்கிட்டு வர வேண்டியிருக்கு, அதுக்குள்ள ஐஸ் உருகுது. வேலி போட்ட கூலியாளுக ஒடிசாப் பயலுகதான், எங்க பசங்க ரெண்டு பேரு போயி அவெய்ங்க கூட மல்லுக்கு நின்னானுக, நான்தான் தடுத்தேன். அவன் கையில இருக்கிறது கடப்பாரை, பிளான் வேறொருத்தன் கையில.

அந்தப் பயலுகள்ல ஒருத்தன் சிலிகா ஏரிப்பக்கம் மீன்புடி குடும்பமாம். மத்தியானம் வலை இழுக்கையில வந்து கயிறப் புடிச்சான், இழுக்கிற தோரணையப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. சூடைமீனு ஒரு கூறு கொடுத்து விட்டோம். சாயங்காலம் திரும்பவும் வேலி போட்டுக்கிட்டு நின்னான், என்ன பண்ணுவான்.

சி.ஆர்.இசட்., அதான் கடலோர ஒழுங்குமுறை மண்டலம்னா அலை ஏறுற கோட்டுல இருந்து 500 மீட்டர்னு சொல்றாங்களே, அதுல வேலி போடலாமா கூடாதா, தெரிஞ்சவங்க சொல்லுங்கப்பா.

மல்லிகை நாத்து
அண்ணே அது எந்த எடம், குந்துகால் பக்கமா? பாதை அடச்சாங்கன்னா முதல்ல அது ரெவின்யூ ரெக்கார்டுல வண்டிப்பாதைன்னு இருக்கான்னு பாக்கணும். இருந்தா அவன் மும்பையா இருந்தாலும் மானாமதுரையா இருந்தாலும் அடைக்க முடியாது. விஏஓகிட்ட எஃப்.எம்.பி., அதான் நிலத்த அளந்து போட்ட வரைபடம் கேளுங்க.

கரைவலை
விஏஓ இன்னைக்கு இல்ல நாளைக்கு இல்லன்னு இழுக்கிறாரு.

டீச்சரக்கா
அவர்கிட்ட ஏன் தொங்குறீங்க, வரைபடம் நெட்லயே எடுக்கலாம், சர்வே நம்பர் தெரிஞ்சா போதும். என் வீட்டுக்காரரு சர்வேல இருந்து ரிட்டயர்டு ஆனவரு, அவரப் பாக்கச் சொல்றேன். கடலோர ஒழுங்குமுறை மீறல்னா மாவட்ட அளவுல கலெக்டர் தலைமையில ஒரு கமிட்டி இருக்கு, மனுவ அங்கயும் கொடுக்கணும், திங்கக்கிழமை குறைதீர் கூட்டத்துல கொடுத்தா நம்பர் போட்டு ரசீது தருவாங்க. போட்டோ எடுங்க, வேலியும் தெரியணும் அலை ஏறுன தடமும் தெரியணும், ஒரே படத்துல.

வாடைக்காத்து
அண்ணே எங்க ஊர்ல இருந்தும் நாலு பேரக் கூட்டிட்டு வர்றேன், கை தூக்குன அந்த ரெண்டு பேரையும் கூப்பிட்டுப் பாக்குறேன், வருவாங்களான்னு தெரியல.

ராம்நாட் ராக்கெட்
நான் ராம்நாட்லதான் இருக்கேன், கலெக்டர் ஆபீஸ் எதுத்தாப்புல. காலையில ஒன்பதரைக்கே டோக்கனுக்கு லைன் நிக்கும். மனு எழுதி வச்சிருங்க, டைப் அடிச்சுத் தர்றேன், காசு வேணாம்.

கரைவலை
சரிப்பா. சர்வே நம்பர் வேலிக் கல்லு மேல பெயின்ட்ல எழுதியிருக்கு, நாளைக்கு விடிய வலை இறக்கையில போட்டோ எடுத்துப் போடுறேன்.